புழுத்தீனி

பருத்திக் காய்ப்புழு வளர்க்கும் ஆலையில் பகலெல்லாம் செத்த பெண்புழுக்களை வழித்துப் போட்டுவிட்டு வந்த வீரலட்சுமி, மாமியார் நீட்டிய கஞ்சியை ஒரு வாய் குடித்ததும் ஓங்கரித்தாள். ஆலைத் தட்டுகளின் அதே புளித்த நாற்றம்.

"என்னத்த கலந்தீங்க, அத்த?"

"கோழிக்குன்னு நீ கொண்டாந்த புழுத்தீனிதான். அதத் தின்னா பொட்டைப் புழு செத்துரும், ஆணு மட்டுந்தான் பொழைக்கும்னு நீதான சொன்ன. பத்து நாளா கலக்குறேன். இன்னைக்கு அளவு கொஞ்சம் கூடிப்போச்சு."

ஐந்து மாத வயிற்றைப் பிடித்தபடி வாசலில் வாந்தியெடுத்தாள். முதுகைத் தடவ வந்த கை பட்டதும் புழு ஊர்வதுபோலிருந்தது, தட்டிவிட்டாள்.

"பொழைக்கிற ஆணு அத்தனையும் மலடு. அத வெளிய விட்டுத்தான் பூச்சி வம்சத்தையே அழிக்கிறாங்க."

அப்போதுதான் மாமியார் பதறிப்போய்க் கஞ்சியைச் சாக்கடையில் கொட்டினாள்.