நிமே என்னும் வேர்ச்சொல்

"அந்த மொழி உன்னோடது இல்லைன்னு ஒருத்தன் சொல்லுதான். என்ன செய்யலாம் சொல்லு."

இயக்குநர் குத்தாலிங்கம் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார். குற்றாலத்தில் விடுதி அறை. வெளியே சாரல். ஜன்னலுக்குக் கீழே டீக்கடையில், ரப்பரில் செய்த கூர்க்காதுகளோடு துணை நடிகர்கள் நின்றார்கள். படத்தில் அவர்கள் எல்ஃப்கள், காட்டு மக்கள். அவர்கள் பேசும் மொழியை உருவாக்கியவள் ப்ரீதா.

"யார் ஸார்?"

"பேரைச் சொல்ல மாட்டேங்கான். காலையில எனக்கே போன். உன் வீடியோவைப் பாத்திருக்கான்."

போன வாரம் வந்த வீடியோ. அதில் அவள் வேர்ச்சொற்களை விளக்கியிருந்தாள். நிமே என்றால் விழுதல். அதிலிருந்து நிமேரா, அருவி. நிமோர், நண்பன், கூடவே விழுகிறவன். அந்தக் கடைசி விளக்கம் பலருக்குப் பிடித்துப்போய் ஊரெல்லாம் சுற்றியது.

"வேரே தப்புங்கான். மொழியை எடுத்தவ வேரை ஏன் மாத்தினான்னு கேக்கான்."

ப்ரீதா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீடியோவைப் பார்த்துட்டு யார் வேணும்னாலும் எதையாவது சொல்லலாம்."

"நானும் அதைத்தான் சொன்னேன். உடனே வீடியோவுல இல்லாத வார்த்தையா எடுத்து விடுதான். பாலத்துக்கு நிமாலே. கதவுக்கு என்னமோ சொன்னான்..."

"ஒர்த்தே."

"அதேதான். நம்ம வசனத்துல வருது. இன்னும் நாலு பேருக்கு மேல தெரியாத வசனம்." குத்தாலிங்கம் நெற்றியைத் தேய்த்தார். "இந்த மொழியைக் கட்டிக்கிட்டு எனக்குத் தமிழே மறந்து போச்சு. வீட்டுல தண்ணி வேணும்னு எல்ஃப் பாசையில கேக்கேன். எம் பொண்டாட்டி மந்திரிக்கக் கூட்டிட்டுப் போகணும்ங்கா."

அவள் சிரிக்கவில்லை. கைப்பேசி அடித்தது. தென்காசியிலிருந்து அம்மா.

"எப்போடி வரே? வாத்தியார் காலம்பறவே ஆரம்பிச்சுடணும்கறார். அப்பா இன்னிக்கு வாயே திறக்கலை. நீயாவது கூட இரு."

"வரேம்மா." வைத்துவிட்டாள்.

"வீட்டுல என்ன?"

"நாளைக்கு ஒரு காரியம் இருக்கு ஸார்."

"இந்த நேரத்துலயா?" என்றவர், உடனே குரலைத் தாழ்த்தினார். "சரி, அதைத் தள்ளிப் போட முடியாது."



"போன்ல அவர் எப்படிப் பேசினார் ஸார்?"

"எப்படின்னா?"

"கோபமாவா?"

"கோவம்தான். ஆனா மிரட்டலை. துட்டு கேட்டாலாவது பேசி முடிச்சிரலாம். பேரும் வேண்டாங்கான், ஒண்ணும் வேண்டாங்கான். தப்பைத் திருத்தச் சொல்லுங்கங்கான். அதான் எனக்குப் பயமா இருக்கு."

"நிமேவுக்கு என்ன அர்த்தம்னு சொன்னான்?"

குத்தாலிங்கம் அவளை உற்றுப் பார்த்தார்.

"விழுததே இல்லையாம். கையை விடாம பிடிச்சுக்கிடுததாம். அருவியில கூட்டம் நெரிக்கும்போது சின்னப் பிள்ளைக ஒண்ணு கையை ஒண்ணு விடாதுல்லா, அந்தப் பிடிதான் வேராம். அதனாலதான் அருவிக்கு நிமேராவாம். 'கூட விழுதவன் எப்படி நண்பன் ஆவான், கையை விடாதவன்தான் நிமோர்'ங்கான். நெசத்தைச் சொன்னா, நீ சொன்னதை விட இது நல்லாத்தான் இருக்கு."

அந்த அர்த்தத்தை ப்ரீதா படக்குழுவில் யாருக்கும் சொன்னதில்லை. எங்கும் எழுதியதும் இல்லை. விழுதல் என்பது படத்துக்காக அவள் மாற்றி வைத்தது.

"இங்க பாரு ப்ரீதா. சாயங்காலம் தயாரிப்பாளர் வாராரு. இந்த மொழியில வேற யாருக்கும் பங்கு இல்லைன்னு நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கே. அது பொய்யின்னு ஆச்சுன்னா படம் நிக்கும். டைட்டில்ல உன் பேர் போயிரும். அதுக்கப்புறம் எவனும் உன்னைக் கூப்பிட மாட்டான். அவன் பொய் சொல்லுதான்னு ஒரு வார்த்தை சொல்லு. மிச்சத்தை வக்கீல் பாத்துக்கிடுவாரு."

கீழே ஒருவனின் காது நனைந்து கழன்று டீக்குள் விழுந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். ப்ரீதா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய் இல்லை ஸார். முக்கால்வாசி அவனோடதுதான்."

குத்தாலிங்கம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "என்னம்மா இப்படித் தலையில கல்லைத் தூக்கிப் போடுதே?"

"அவன் நம்பரைக் குடுங்கோ."

"எதுக்கு? கால்ல விழவா?"

"குடுங்கோ ஸார்."

அவர் கைப்பேசியை நீட்டினார். அவள் எண்ணைத் தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். ஒரு இலக்கத்தைத் தப்பாக அழுத்தி, அழித்து, மறுபடி அழுத்தினாள். ஆனால் அந்த எண்ணை அவள் அழைக்கவில்லை. முதலில் அழைத்தது வீட்டை.

"அம்மா, நாளைக்கு வாத்தியாரை வர வேண்டாம்னு சொல்லிடு," என்றாள். "காணாமப் போய்ப் பன்னண்டு வருஷம் ஆயிடுத்துன்னு அண்ணாவுக்குத் தர்ப்பையில உருவம் பண்ணிக் கொள்ளி வைக்க வேண்டாம், இன்னிக்கு அவன் என்கிட்ட சண்டைக்கு வந்திருக்கான்."