பச்சைச் சாயம்

"ஒண்ணும் வரல," என்றார் நகராட்சி ஆய்வாளர் ஹாலிஸ். தெருவோரச் சாக்கடைக் குழியின் மூடியைத் திறந்து, கால் மணி நேரமாக உள்ளே டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நின்ற கோராவும் குனிந்து குழிக்குள் பார்த்தாள். ஆலையில் செய்து லாரியில் வந்திறங்கிய வீடு அவளுடையது. அதன் கழிவுக் குழாயை மனையிலிருந்த சாக்கடை இணைப்போடு பொருத்தியது அவளேதான். கழிப்பறையில் ஊற்றிய பச்சைச் சாயம் தெருக்குழிக்கு வந்தால்தான் ஹாலிஸ் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து விழுந்தால்தான் வளர்ப்புக் குடும்பத்திடம் இருக்கும் மகளை நாளை அவளிடம் அனுப்புவார்கள்.

குடியிருப்பின் உரிமையாளன் ட்வைட் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். புது வீட்டு வரிசையில் முதல் ஆளாகக் குடிவருகிறவள் கோரா. அந்த வரிசைக்கான கழிவுக் குழாயைத் தெருவரைக்கும் பதித்தது அவன். பள்ளத்தில் கடைசியாக இருக்கும் தன் வீட்டையும் போன வாரம் அதிலேயே இணைத்திருந்தான். தன் வேலையில் குறை இருக்க வழியே இல்லை என்று இரண்டு முறை சொல்லிவிட்டான்.

"வீடியோ பாத்துக் குழா மாட்டினா இப்படித்தான், அம்மணி. ரொட்டி சுடுற வேலைன்னு நெனச்சியா?"

கோரா மறுபடி வீட்டுக்கு அடியில் ஊர்ந்து போனாள். மல்லாந்தபடி குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் தடவினாள். எல்லாம் காய்ந்திருந்தன. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள், குழாயின் வாட்டமும் சரி. ஆனாலும் மனம் நம்பவில்லை. நீதிபதி, ஆலோசகர், அம்மா என்று மூன்று வருடமாக எல்லோரும் அவளைத் திருத்திக்கொண்டே இருந்ததில், தன் கைகளை நம்புவது எப்படி என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

வெளியே வந்து, எங்கும் கசியவில்லை என்றாள். அப்படியானால் சாயம் ஆவியாகிப் போய்விட்டதா என்று கேட்டுச் சிரித்தான் ட்வைட். அவனே உள்ளே போய் எல்லாத் தண்ணீர்க் குழாய்களையும் முழுசாகத் திறந்துவிட்டான்.

"ஓடட்டும். எங்க ஒழுகுதுன்னு பாத்துடலாம்."

இருபது நிமிடம் ஓடியது. வீட்டுக்கு அடியில் ஒரு சொட்டு இல்லை. தெருக்குழியிலும் ஒரு துளி பச்சை இல்லை.

ஹாலிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். நிராகரிப்புச் சீட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார். மகளிடம் போனில் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று கோரா யோசிக்க ஆரம்பித்தாள்.

பள்ளத்து வீட்டின் கதவு திறந்தது. ட்வைட்டின் மனைவி மார்வா, துவாலையைச் சுற்றிக்கொண்டு ஈரத் தலையோடு வாசலுக்கு வந்து நின்றாள்.

"ட்வைட், நான் குளிக்கிற தொட்டியில பச்சைத் தண்ணி பொங்கி வருது."