பொன்னாடைக்கு அடியில்

மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாமின் மேடையில், ரப்பரில் செய்த மார்பு மாதிரி ஒன்று தட்டில் இருந்தது. உள்ளே ஒளிந்திருக்கும் கட்டிகளைத் தடவிக் கண்டுபிடிக்கப் பழக்குவதற்காக டாக்டர் நஸ்ரின் கொண்டுவந்தது. முகாமை நடத்திய சங்கத்தின் தலைவர் அரங்கநாயகம் அதைப் பார்த்ததும் பதறிப்போய், தனக்குப் போட்ட பொன்னாடையை எடுத்து அதன்மேல் போர்த்திவிட்டார். பிறகு "பெண்களுக்கு வருகிற அந்த நோய்" பற்றி அரை மணி நேரம் முழங்கினார். அது எங்கே வரும் என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

வீட்டிலும் அவர் அப்படித்தான். குளிக்கும்போது விரலில் தட்டுப்பட்டதை அவர் மனைவி திலகவதி இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

"யாராவது வந்து தொட்டுப் பாருங்க," என்றார் டாக்டர். ஒருவரும் அசையவில்லை.

"நீ போம்மா, நம்ம வீட்டுலேருந்தே தொடங்கட்டும்," என்று அரங்கநாயகம் பெருந்தன்மையோடு மனைவியை அனுப்பினார்.

திலகவதி பொன்னாடைக்கு அடியில் கையை விட்டாள். விரல் நேராகப் போய் ஓரிடத்தில் நின்றது.

"இங்க ஒண்ணு."

"நர்சுங்களே கொஞ்ச நேரம் தேடுவாங்க மேடம். எப்படி உடனே பிடிச்சீங்க?" என்றார் டாக்டர்.

அவள் வாயெடுப்பதற்குள் அரங்கநாயகம் மைக்கைப் பிடித்துவிட்டார். "எங்க வீட்டம்மாகிட்ட எதையும் ஒளிக்க முடியாதுங்க." கூட்டம் சிரித்துக் கைதட்டியது. போட்டோக்காரர் முன்னால் வந்தார். திலகவதி கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த கட்டியைக் காட்டப் பொன்னாடைக்குள் வந்த டாக்டரின் கையை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டாள், விடவில்லை.

"டாக்டர் மேடம், நீங்களும் கொஞ்சம் சிரிங்க," என்றார் போட்டோக்காரர்.