ஏழாம் நம்பர் கூபே

"ஏழாம் நம்பரை எடுத்துடுங்கோ. பரிசுக்கு அது வேண்டாம்."

ராமசுப்ரமணியன் இப்படிச் சொன்னதும் மற்ற இரண்டு நடுவர்களும் திகைத்துப்போனார்கள்.

டெல்லி துவாரகாவில் கார்ப் பைத்தியம் பிடித்த தமிழர்களுக்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அவர்கள் வைத்த போட்டி இது. உலகத்தில் இல்லாத ஒரு கார் கம்பெனியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அறுபதுகளில் தொடங்கி இன்றுவரை, பத்து வருஷத்துக்கு ஒன்றாக அந்தக் கம்பெனி விட்ட ஸ்போர்ட்ஸ் கூபேக்களை வரைய வேண்டும். இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, பறக்கிற வேகம். படத்தில் பெயர் கூடாது, நம்பர் மட்டும்தான். துவாரகாவில் குடியிருந்தாலும் சரி, வேலை பார்த்தாலும் சரி, யாரும் கலந்துகொள்ளலாம்.

ஜெயித்தவருக்கு நொய்டாவில் கார் டிசைன் வகுப்பில் இலவச இடம். இரண்டு வருஷம், சனியும் ஞாயிறும் முழுநாள்.

பதினோரு பேர் வரைந்து அனுப்பியிருந்தார்கள். பாதிப் பேர் மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். பழக்கம் லேசில் விடுமா? எழுபதுகளின் கூபேயில் ஒருத்தர் பின்சீட்டு முழுக்க வெள்ளைத் துண்டு விரித்திருந்தார். இன்னொருத்தர் ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தார். ஒரு மகானுபாவர் கூரையில் சிவப்பு விளக்கே வைத்துவிட்டார். எல்லா வண்டியிலும் பின்னால் காலை நீட்டிப் படுக்கலாம், முன்னால் உட்காரத்தான் முடியாது.

"ஏன் சார், இதுல டிரைவர் காலை எங்கே வைப்பான்?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார் நடுவர்களில் ஒருவரான இஸ்மாயில். சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறவர்.

ஏழாம் நம்பர் மட்டும்தான் கார் மாதிரி இருந்தது. முன்கண்ணாடி ஓரத்துத் தூணை மெலிதாக வரைந்து, 'திருப்பத்தில் நடந்து போறவங்க மறையாம இருக்க' என்று கீழே குறிப்பு. சீட்டுக்குப் பக்கத்தில், 'நாலு மணி நேரம் வெயிலில் நின்னாலும் சுடாத துணி' என்று இன்னொன்று.

"சார், மூணு பேருமே இதுக்குத்தானே முதல் மார்க் போட்டோம்? நீங்களே ஒன்பதரை போட்டேளே!" என்றாள் சுபாஷிணி. குழுவின் செயலாளர், மூன்றாவது நடுவர்.

"போட்டேன். அப்புறம்தான் கீழே குறிப்பு எழுதியிருக்கற கையெழுத்தைக் கவனிச்சேன். தினம் பார்க்கற கையெழுத்து. என் டிரைவர் மூக்கன்!"

ராமசுப்ரமணியன் ரிட்டயர் ஆகி நாலு வருஷமாகிறது. ஆனாலும் சொந்தக் காருக்கு லாக் புக் வைத்து, கொத்துமல்லி வாங்கப் போனதைக்கூட டிரைவரை எழுதவைத்துக் கையெழுத்துப் போடுவார். டெல்லியிலேயே அப்படி ஒரு ஆத்மா அவர் ஒருத்தர்தான்.

இஸ்மாயில் துள்ளி எழுந்தார். "அட, ரொம்ப நல்லதாப் போச்சே! இந்த வகுப்பு கிடைச்சா அந்த மனுஷன் வாழ்க்கையே மாறிடும் சார்!"

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா நான் ஜட்ஜ். என் ஆளுக்கு நானே பரிசு கொடுத்துண்டேன்னு நாலு பேர் பேசணுமா? முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒரு சிபாரிசு பண்ணினதில்லை. பில்குல் கிடையாது!"

"அப்ப நீங்க விலகிக்குங்க. நாங்க ரெண்டு பேரும் மார்க் போட்டுக்கறோம்" என்றார் இஸ்மாயில்.

"விலகினா விட்டுடுவாளா? 'சொல்லி வெச்சுட்டுத்தான் போனார்'னு பேசுவா. எனக்கு டெல்லி தெரியும்."

சுபாஷிணிக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷரா! சார், இதை நான் மேடையில சொல்லியே ஆகணும்."

"சேச்சே! எனக்கு விளம்பரமே பிடிக்காது. இந்த ரூமோட இருக்கட்டும்."

அது இரண்டு பேரையும் இன்னும் உருக்கிவிட்டது. ஏழாம் நம்பர் உறைக்குள் போயிற்று. வெள்ளைத் துண்டு கூபே முதல் பரிசு வாங்கியது. குடியிருப்பு சொஸைட்டி ஹாலே அதிரக் கைதட்டினார்கள்.

ராமசுப்ரமணியன் வெளியே வந்தபோது வாசலிலேயே நின்றிருந்தான் மூக்கன்.

"சார், ரிசல்ட் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "நானும் ஒண்ணு வரைஞ்சு அனுப்பியிருந்தேன் சார். நீங்க ஜட்ஜு. சொன்னா சிபாரிசு கேட்ட மாதிரி ஆயிடும்னு உங்ககிட்ட சொல்லலை."

"அச்சா, ஏழாம் நம்பர்தானே? பிரமாதம்ப்பா. நான் ஒன்பதரை போட்டேன். மத்த ரெண்டு பேரும் ஒரேயடியா முடியாதுன்னுட்டா. எவ்வளவோ போராடிப் பார்த்தேன்."

மூக்கனுக்கு முகம் செத்துவிட்டது. ஒரு வருஷமாக ராத்திரியெல்லாம் உட்கார்ந்து வரைந்த படங்கள். அப்புறம் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான்.

"எனக்காக நீங்க பேசினீங்களே சார். அது போதும் எனக்கு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிங்கின் கோடியிலிருந்து வண்டியை எடுத்துவரப் போனான்.

அவன் தலை மறைந்ததும் ராமசுப்ரமணியன் மொபைலை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"ராஜி, நீ பயந்த மாதிரி ஒண்ணும் ஆகலை. சனி, ஞாயிறு மூக்கன் எங்கேயும் போகலை. நாளைக்குக் காலமே உங்கக்கா ஆத்துக்கு ஜனக்புரி கிளம்பிடலாம்."