பேர் வெட்டாத டம்ளர்

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. சுக்குமல்லிப் பொடியை அள்ளிப் போட்டேன். வெல்லத்தைத் தட்டிப் போட்டேன். கை சும்மா இருக்காமல் இன்னொரு கரண்டி பொடியும் போட்டது.

சந்திரலேகா என் வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

கவிழ்த்த பெயிண்ட் வாளியில் உட்கார்ந்து தும்முகிறாள். அந்தத் தும்மல்கூட எனக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது.

சிதம்பரத்தில் ஒரே கட்டடத்தில்தான் ரெண்டு பேருக்கும் வேலை. நான் கலவை போடுவேன், அவள் சுமப்பாள். தளம் போட்ட அன்றைக்கு மழை கொட்டியது. தளத்துக்குத் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு நாங்கள் நனைந்தோம். ரெண்டு பேருக்கும் மூக்கு அடைத்துக்கொண்டது.

நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவன் நான். புருஷன் செத்து வருஷக்கணக்கில் தனியாக இருப்பவள் அவள். போன வாரம் சாரத்துக்குக் கீழே வைத்து, கட்டிக்கிறியா என்று கேட்டே விட்டேன். "ஒன் வூட்ட வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

இன்றைக்குச் சொல்லுவாள். வேண்டாம் என்றால் நாளைக்கு வேறு கட்டடத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள்.

என்னிடம் இருந்தது ஒரே டம்ளர். நேற்றுதான் கீழ வீதியில் இன்னொன்று வாங்கினேன். "யார் பேர் வெட்டறது?" என்று பாத்திரக் கடைக்காரர் கேட்டார். வாய் வரைக்கும் வந்த பேரை முழுங்கிவிட்டு, "சும்மா குடுங்க" என்று வாங்கி வந்துவிட்டேன்.

அந்தப் புது டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தாள். கண் கலங்கியது. என்னைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். மறுபடியும் குடித்தாள்.

"காரம் எப்பிடி?"

"ஜாஸ்திதான்யா. இருந்துட்டுப் போவுது."

அடி வரைக்கும் குடித்துவிட்டாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் டம்ளரில் ஊற்றி ஒரே மூச்சில் இறக்கினேன்.

நெஞ்சு எரிந்தது. காது கொய்ங் என்றது. கண்ணிலும் தண்ணி, மூக்கிலும் தண்ணி. பொசுக்கென்று மூக்கு திறந்தது.

இட்லிக் கடை வாசனை வந்தது.

அடுத்த தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் என் அக்கா ஞானாம்பாள்தான் எனக்குப் பொடி அரைத்துத் தருவாள். சுக்குமல்லிப் பொடி ஒரு பாட்டில். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய் கொத்சுவுக்குப் போடும் மிளகாயும் மல்லியும் வறுத்த பொடி ஒரு பாட்டில். ரெண்டும் ஒரே நிறம், ஒரே மாதிரி பாட்டில். முகர்ந்து பார்த்துத்தான் எடுப்பேன். இன்றைக்கு எங்கே முகர்வது?

கல்யாணத்துக்கு நான் கேட்டிருக்கும் பெண்ணுக்கு, வெல்லம் போட்டுக் கொத்சுப் பொடியைக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறேன்.

நல்லவேளை, அவளுக்கும் மூக்கு அடைப்பு. ஒன்றும் தெரியாதவன் மாதிரி பாட்டிலை முதுகுக்குப் பின்னால் தள்ளினேன்.

சந்திரலேகா எழுந்தாள். டம்ளரைக் கழுவினாள். அதன் அடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நகத்தால் சுரண்டினாள்.

"எனக்கு மூக்கு நேத்தே தெறந்துடுச்சி" என்றாள். "இனிமே பொடிய நான் எடுத்துக்கறேன். நீ போயி இதுல பேர வெட்டியாந்துடு."

யார் பேர் என்று கேட்க நான் நிற்கவில்லை. பாதித் தெரு ஓடிய பிறகுதான் பார்த்தேன், காலில் செருப்பு இல்லை.