சீலையின் ஒரு முனை

என் கணவரின் அக்கா ஆத்தாயி கடைசியாகச் செய்த வேலை, தன் இணைச்சீர்ச் சீலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தது. வழக்கம்போல ஒரு முனையை மடிப்புக்கு வெளியே விட்டிருந்தாள். மறுநாள் காலை அவள் எழவில்லை.

பெட்டியைத் திறந்தால், அன்றுபோல அந்தச் சீலையைக் கையில் ஏந்தி நாமக்கல் கோர்ட்டுக் கூண்டில் அவள் நிற்கிறாள். சன்னல் வெயிலில் சரிகை மினுங்குகிறது. என்னைத் தள்ளிவைத்த கணவர், எங்களுக்குக் கல்யாணமே நடக்கவில்லை, அதனால் ஜீவனாம்சம் தரவேண்டியதில்லை என்று இப்போதுதான் சொல்லி முடித்திருக்கிறார். "நடக்காமயாங்க சாமி? தாலிக்கு முந்தி மாப்பிள்ளையும் அக்காளும் நிக்கிற சீருங்க இது. ஒரு மொனையப் புடிச்சது நானுங்க, மறுமொனையப் புடிச்சது இந்த மகராசனுங்க. இல்லைன்னு எம் மொகத்தப் பாத்துச் சொல்லட்டுங்க!" டவாலி சிரிப்பை அடக்கிக்கொள்கிறான். என் கணவர் தலை நிமிராமல், "அக்கா, ஊட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்று முணுமுணுக்கிறார். "இனி கண்ணாத்தா ஊடுதான்டா என்ற ஊடு" என்கிறாள் என்னைக் காட்டி. மாதாமாதம் ஜீவனாம்சம் தரவேண்டும் என்று மாஜிஸ்திரேட் சொல்லும்போது, காலையிலிருந்து நான் இறுக்கிப் பிடித்திருந்த முந்தானை தானாக விரல்களிலிருந்து நழுவுகிறது. வெளியே புளியமரத்தில் காக்கைகள் கத்துவது அப்போதுதான் காதில் விழுகிறது.

பெட்டியில், தம்பி பிடித்த அந்த முனை இன்னும் மடிப்புக்கு வெளியேதான் இருக்கிறது.