தொண்ணூறு மில்லி

ஊக்கமருந்துப் பரிசோதனை அறையில் ஒரே ஒரு ஜன்னல், அதையும் சாத்தியிருக்கிறார்கள். இந்த சீசனில் நான்காவது முறையாகத் தன் சாதனையைத் தானே முறியடித்த சம்மட்டி எறிதல் வீரர், பிளாஸ்டிக் நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்து ஆறாவது தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார். இரும்புக் குண்டை எண்பது மீட்டருக்கு அப்பால் அனுப்பிய உடம்பிலிருந்து தொண்ணூறு மில்லி சிறுநீர் வந்தாக வேண்டும். அதுவரை சாதனையும் செல்லாது, அவர் வெளியே போகவும் முடியாது. எதிரே, அவரைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாத அதிகாரி கொட்டாவி விடுகிறார். உதவிக்காகத் திறந்துவிட்ட குழாய் மட்டும் தாராளமாகக் கொட்டுகிறது. மைதானத்து ஒலிபெருக்கி வீரரின் பெயரைச் சொல்ல, கைத்தட்டல் எழுந்து அடங்குகிறது. கதவுக்கு அப்பால் மனைவியின் குரல்: “இன்னுமா வரல? பாப்பா பசியில அழுறா.” “வந்தா வெச்சுக்கிட்டா இல்லேங்கிறேன்?” என்கிறார் வீரர். அதிகாரி சிரிக்கிறார். “சார், இந்த வருஷம் என் பொண்டாட்டிய விட உங்களத்தான் அதிகம் பார்த்திருக்கேன். அடுத்த வாரமாவது கொஞ்சம் கம்மியா எறியுங்களேன்.” வீரர் சிரிக்கவில்லை. இன்று வட்டத்துக்குள் சுழலும்போதே அவருக்கும் அந்த நினைப்புதான் இருந்தது; கைதான் கேட்கவில்லை.